கடலில் துண்டு போட்டவர்கள்

பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் கலை நமக்குக் கைவந்தது. கடலில் அந்தக் கலை செல்லாது என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். கடலில் துண்டைப் போட்டால் துண்டுதான் போகும். கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்து, மகள் சர்ஃபிங் பழகத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: துண்டே இல்லாமல் கடலில் இடம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். பிடித்த இடத்தை முப்பது நாற்பது வருடமாக விடாமலும் இருக்கிறார்கள்.

கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்று வளர்ந்தவனுக்கு அலை என்பது தீராத சரக்கு. ஒன்று போனால் இன்னொன்று. பலகைக்காரர்கள் கணக்கு வேறு. கடலடியில் பாறையோ மணல்திட்டோ சரியான வாட்டத்தில் அமைந்த இடத்தில் மட்டும்தான் அலை ஒரு முனையில் உடைய ஆரம்பித்து, சீராகப் பக்கவாட்டில் சரிந்துகொண்டே போகும். அந்த நல்ல அலைகளும் மூன்று நான்காகச் சேர்ந்துதான் வரும். அடுத்த வரிசை வரப் பல நிமிடம் பிடிக்கும். ஓர் அலைக்கு ஓர் ஆள். உடைகிற முனைக்கு மிகப் பக்கத்தில் இருப்பவருக்கே உரிமை. குறுக்கே புகுந்தால் மகாபாவம். ஐந்து பேர் மிதக்கும்போது இந்தச் சட்டம் அழகாக நடக்கும். ஐம்பது பேர் வந்துவிட்டால், யார் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்ற கேள்வி போய், யார் எத்தனை வருடமாக இங்கே வருகிறார் என்ற கேள்வி வந்துவிடும்.

அதனால்தான் நல்ல அலை உள்ள இடத்தை ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதில்லை. என் மகளுக்கு ஒரு சிநேகிதி சொன்னாள். அவளுக்கு அவள் அண்ணன் சொன்னானாம். அவனிடம் யாரோ, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னார்களாம்.

மகளுக்கு வயது பதினைந்து. அலையில் ஏறத் தெரியும், கார் ஓட்ட உரிமம் கிடையாது. ஆகவே ஓட்டுநர் நான். பலகையில் கால் வழுக்காமல் இருக்க ஒரு மெழுகு தேய்ப்பார்கள். அதற்குத் தேங்காய் வாசனை. விடியற்காலை வீடு முழுக்கத் தேங்காய் மணக்க, சட்னி அரைத்தாயிற்று என்று நம்பி எழுந்து வருகிறவன் கையில் கார் சாவியைத் திணிப்பாள். முதல் தடவை கிளம்பும் முன் சத்தியம் வாங்கினாள். இடத்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. படம் எடுத்தால் பின்னால் மலையோ பாலமோ தெரியக்கூடாது. வாட்ஸாப்பில் சித்தப்பா கேட்டாலும் “ஏதோ ஒரு பீச்” என்றுதான் சொல்ல வேண்டும்.

“சித்தப்பா பொள்ளாச்சியில இருக்காரும்மா. போர்டைத் தூக்கிட்டு நாளைக்கே வந்து நிக்கப் போறாரா?”

“மாலிபு அப்படித்தான் போச்சுப்பா.”

மாலிபு போன கதையைக் காரிலேயே சொன்னாள். 1956 கோடையில் அங்கே பலகையேறப் பழகிய காத்தி என்ற பெண், கடற்கரையில் நடந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒப்பித்தாள். அப்பா ஃபிரெடெரிக் கோனர் ஹாலிவுட்டுக்குத் திரைக்கதை எழுதுகிறவர். மகள் பேசப் பேசக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர், ‘கிட்ஜெட்’ என்று நாவலே எழுதிவிட்டார். 1957இல் புத்தகம், 1959இல் சினிமா. அப்புறம் மாலிபுவில் அலையைவிடத் தலை அதிகம். எழுதுகிற அப்பா இருக்கும் வீட்டில் ரகசியம் தங்காது என்பது என் மகளின் கட்சி.

நானும் யோசித்தேன். கோனர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் அந்த இடத்தில் மிதக்கிற ஒருவருக்கும் புரியப்போவதில்லை, சத்தியமும் பிழைத்துக்கொள்ளும். அப்போதும் இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே என்றுகூடச் சொல்லமாட்டேன்.

கோனர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புரூஸ் பிரவுன் என்கிற படக்காரர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றி, தென்னாப்பிரிக்காவின் கேப் செயின்ட் ஃபிரான்சிஸில் மணல்மேடுகளைத் தாண்டிப் போய் ஓர் அதிசய அலையைக் காட்டினார். 1966இல் ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த அலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பின்னால் மணல் பறக்காமலிருக்க மேடுகளில் செடி நட்டார்கள், வீடு கட்டினார்கள். மேட்டு மணல் கடலுக்குப் போவது நின்றது, அலையும் மெலிந்தது. பிற்காலத்தில் ஒரு சர்ஃபிங் பத்திரிகை, கூகுள் எர்த்தில் புது அலை கண்டுபிடிப்பவருக்குப் பயணம் இலவசம் என்று போட்டியே வைத்தது. கலிஃபோர்னியாவில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் நமீபியாவின் பாலைவனக் கரையைக் காட்டி ஜெயித்தார். அந்தக் கரையில் கூட்டமாகக் குடியிருந்தவை சீல்கள். அவற்றின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ரகசிய இடத்துக்கு வருகிறேன். ரகசியத்தின் வாகன நிறுத்தம் நிரம்பியிருந்தது. மகள் கடலுக்குள் போனதும் நான் மடக்கு நாற்காலியைப் போட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர், துருப்பிடித்த பிக்கப்பில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, எந்த ஊர் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் ஊரில் பொருள், “உனக்கு இங்கே என்ன வேலை, கிளம்பு.” எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் ஊரில் அது ரயில் கிளம்பின ஐந்தாவது நிமிடம் கேட்கப்படும் நலவிசாரணை. நானும் மனம் நிறைந்து பதில் சொன்னேன். இப்போது இருப்பது டாரன்ஸ், பிறந்தது தஞ்சாவூர், பூர்விகம் மன்னார்குடிப் பக்கம், மனைவி வீட்டார் கும்பகோணம், மாமனார் மட்டும் வேலை காரணமாகத் திருச்சியில் இருந்துவிட்டார். பெரியவர் வாய் திறப்பதற்குள் காபி ஊற்றிக் கொடுத்து, முறைப்படி திருப்பிக் கேட்டேன்: “உங்களுக்கு எந்த ஊர்?”

நெப்ராஸ்கா என்றார். எண்பதுகளில் வந்தாராம். அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கிற மாநிலம் அது. எந்தப் பக்கம் போனாலும், கடலைப் பார்க்க இன்னும் சில மாநிலங்களைத் தாண்ட வேண்டும்.

இவர் முறைத்ததோடு சரி. உள்ளூர்க்காரத்தனத்தை ஒரு நிறுவனமாகவே நடத்திய இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலோஸ் வெர்டெஸ் எஸ்டேட்ஸ் என்று ஒரு செல்வந்தர் ஊர். கடலைப் பார்த்த வீடென்றால் பல மில்லியன் டாலர். அதன் செங்குத்தான பாறைக்குக் கீழே லுனாடா பே. குளிர்காலத்தில் அங்கே பிரமாதமான அலை வரும். அதைப் பல பத்தாண்டுகளாகக் காவல் காத்தவர்களுக்குப் ‘பே பாய்ஸ்’ என்று பெயர். பாய்ஸ் என்றதும் மீசை முளைக்காத பையன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் நாற்பதைத் தாண்டியவர்கள், சிலர் ஐம்பதையும். நம்மூரில் அந்த வயதில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியாள் வந்தால் மேலிருந்து மண்கட்டியும் கல்லும் விழும், காரின் டயர் கிழியும், கண்ணாடியில் மெழுகு பூசப்படும் என்பது பல வருடப் புகார்.

கீழே பாறைகளுக்கு நடுவில் கல்லடுக்கி ஒரு கோட்டையும் கட்டியிருந்தார்கள். உட்கார இடம், இறைச்சி சுட அடுப்பு, எல்லாம் உண்டு. அனுமதி மட்டும் இல்லை. வீட்டுச் சுவரை அரை அடி உயர்த்திக் கட்டினாலே நோட்டீஸ் ஒட்டும் அமெரிக்காவில், ஒரு கோட்டை வருடக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் நின்றது. 2015இல் ‘கார்டியன்’ பத்திரிகைக்காரர்கள் ரகசியக் கேமராவோடு போனார்கள். வசவு வாங்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால், அவர்களையெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிற பாவனையில் பதில் வந்தது. அதுவும் கேமராவில் பதிவானது.

2016இல் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர். அவரும் நண்பர்களும் அங்கே அலையேறப் போனபோது, மேலே நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ள 100 டாலர் கொடுத்து ஒரு காவலாளியை அமர்த்தினார்களாம். போலீஸ்காரரே கூலிக்குக் காவல் வைத்துக்கொண்டு கடலுக்குப் போன கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அப்படியும் கடலில் ஒரு பலகை அவர்மேல் ஏறிக் கையைக் கிழித்தது, வேண்டுமென்றே செய்தார்கள் என்பது அவர் புகார். கடற்கரை ஆணையமும், அந்தக் கோட்டைக்கு அனுமதி வாங்கி எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் அகற்றுங்கள் என்று நகராட்சிக்குச் சொன்னது. எல்லோரும் வந்து உட்கார்வதைவிட இடிப்பதே மேல் என்று தோன்றியிருக்க வேண்டும்; 2016 முடிவதற்குள் இடித்துவிட்டார்கள். வழக்கு மட்டும் நீதிமன்றம் மாறி மாறி நடந்து, 2024இல்தான் நகராட்சி சமரசத்துக்கு வந்தது.

இவ்வளவு காவலும் எதற்கு என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. லுனாடாவில் உடைகிற அலை லுனாடாவில் பிறந்தது இல்லை. வட பசிபிக்கில் எங்கோ வீசிய புயலில் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, பாஸ்போர்ட் இல்லாமல் வந்து சேர்கிறது. அதில் ஏறும் வித்தையும் வந்ததுதான். 1885இல் சாண்டா க்ரூஸில் முதன்முதலாக ஏறிக் காட்டியவர்கள் ஹவாய் இளவரசர்கள் மூவர். 1907இல் ரெடோண்டோ பீச்சில், அதாவது பே பாய்ஸுக்குப் பக்கத்து வீட்டில், கூட்டம் கூட்டி வித்தை காட்டிய ஜார்ஜ் ஃப்ரீத்தும் ஹவாயிலிருந்து வந்தவர். லுனாடாவுக்கு மேலே உள்ள பாலோஸ் வெர்டெஸ் மலையில் முதலில் டோங்வா பழங்குடியினர் இருந்தார்கள். பிறகு ஜப்பானியக் குடியானவர்கள் மானாவாரியாகக் காய்கறி விளைவித்தார்கள், 1942இல் அவர்களைப் போர்க்காலத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். 1920களில் மனை விற்றபோது, வெள்ளையரல்லாதவர் வேலைக்காரராக அன்றிக் குடியிருக்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். வெளியாளைத் துரத்தும் பழக்கத்தைப் பலகைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது.

ஹவாய்க்காரர்கள் கோபித்தால் நான் சிரிக்கமாட்டேன். நாட்டையே 1898இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்தது அலைதான். அங்கே போய் ஜெயித்த ஆஸ்திரேலியர்கள் பத்திரிகையில் கொஞ்சம் அதிகமாகவே மார்தட்டிவிட்டு, 1976இல் திரும்பிப் போனபோது, ராபிட் பார்த்தலோமியூ கடலிலேயே அடி வாங்கிப் பல்லை இழந்தார். கடைசியில் எடி ஐகாவ் என்கிற ஹவாய் வீரர் குறுக்கே நின்று சமாதானம் செய்துவைத்தார். அடித்தது சரி என்று சொல்லவில்லை. விருந்தாளி வீட்டுக்காரனைப் பார்த்து, உன் வீட்டில் உன்னைவிட நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கவும் கூடாது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது மகளைக் கோவளத்துக்குக் கூட்டிப்போனேன். சென்னையை ஒட்டிய கோவளம். மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃபிங் பள்ளி அங்கேதான். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் படகு தள்ளியவர்களின் பிள்ளைகள் அலையில் நின்றுகொண்டிருந்தார்கள். உரிமை கொண்டாட உலகத்திலேயே யாருக்காவது தகுதி உண்டென்றால் இவர்களுக்குத்தான். மகள் பயந்துகொண்டே ஓரமாக மிதந்தாள். நல்ல அலை ஒன்று வந்தது. முனையில் இருந்த பையன் அதை விட்டுவிட்டு, “அக்கா, போ போ போ!” என்று கத்தினான்.

கரைக்கு வந்தவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். “அலையை எனக்குக் குடுத்துட்டாம்ப்பா. எதுக்கு?”

பையனும் பின்னாலேயே வந்தான். அமெரிக்காவில் எங்கே அக்கா ஓட்டுவீங்க, அலை எப்படி என்று கேட்டான். நான் அவளைப் பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்தாள்.

“ஏதோ ஒரு பீச்,” என்றாள்.

இப்போது அவளும் எங்கள் ரகசிய இடத்தில் பழைய ஆள் ஆகிவிட்டாள். புதிதாக யாராவது பலகையை இறக்கினால் பெருமூச்சு விடுகிறாள், “கூட்டம் தாங்கலப்பா, முன்னெல்லாம் இப்படியா?” என்கிறாள். நெப்ராஸ்காக்காரர் அவளுக்குத் தலையசைத்து வழிவிடுகிறார். எனக்கும் அவர் பிக்கப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட நிலையான இடம் உண்டு. காபியை அவர் கேட்டே வாங்கிக் குடிக்கிறார்.

போன சனிக்கிழமை ஒரு மினிவேன் வந்து நின்றது. டாஷ்போர்டில் பிள்ளையார். மேலே கட்டியிருந்த பலகையில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கியவர் கையில் எவர்சில்வர் தூக்கு, அதிலிருந்து புளியோதரை வாசனை. நெப்ராஸ்காக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது உன் இலாகா என்று பொருள்.

எழுந்து போனேன். “வணக்கம் சார். சர்ஃபிங்குக்கா? இங்க அலையே சரியில்ல சார். கீழ பூராவும் பாறை. பசங்களுக்கு ஆபத்து. தெற்கால போனீங்கன்னா அருமையான பீச் ஒண்ணு இருக்கு, பார்க்கிங்கும் ஃப்ரீ.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பின்கதவைத் திறந்து மடக்கு நாற்காலியை எடுத்தார். என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அதை விரித்துப் போட்டார்.

“போன வாரம் என் மச்சான்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களாம் சார்,” என்றார். “ஸ்பூன் இருக்கா?”