யாருதுங்க இந்த வண்டி?

"இப்படி எவரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள், நடைமுறைக்குச் சற்றும் ஒவ்வாத கற்பனை" என்று, நான் இரண்டு இராத்திரி கண்விழித்துச் செய்த விளையாட்டைப் பற்றி, எந்தச் சீமையிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு புண்ணியவான் எழுதியனுப்பிய அபிப்பிராயத்தை இன்று காலை என் மருமகன் வாசித்துக் காட்டினான். காப்பி ஆறிப்போயிற்று. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை; பள்ளிக்கூட நாள் முதல் ஐந்துக்கு இரண்டுதான் என் வழக்கமான கிரயம். ஆனால் திருவண்ணாமலையில், பேய்க்கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முப்பது ஆண்டுகளாகப் பௌர்ணமி தவறாமல் குடியிருந்து வருகிற ஒருவனைப் பார்த்து, உனக்கு யதார்த்தம் போதாது என்று சொல்ல ஒரு மனிதருக்குத் துணிவு வந்ததே, அதைத்தான் இதை எழுதும் இந்தக் கணம் வரையில் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதன்முதலாக ஜாமில் கலந்துகொள்கிறவர்கள், ஓர் எளிய புதிர் விளையாட்டை எவ்வாறு எளிமையாகவே செய்து முடிப்பது என்ற சூட்சுமத்தைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்; அதை அவசியம் சொல்லிவிடுவேன். அதற்குமுன் ஜாம் என்ற வார்த்தையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மருமகன் 'கேம் ஜாம்' என்று பிரஸ்தாபித்தபோது, இல்லாள் அடுக்களையிலிருந்தபடியே மாம்பழமா அன்னாசியா என்று கேட்டாள். நானோ அர்த்தஜாமத்தைப் பற்றிய பேச்சென்று எண்ணினேன். விசாரித்ததில் என் எண்ணமே மெய்க்கு அண்மையில் இருந்தது. தலைப்பொன்றை அறிவித்து, அறிவித்த நிமிஷத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அதற்கிசைந்த விளையாட்டைப் புதிதாகச் சிருஷ்டித்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு எட்டு ஜாமம் என்ற நம்முடைய பழைய கணக்கின்படி அது 16 ஜாமம். 2002இல் தொடங்கிய லூடம் டேரும், 2009 ஜனவரியில் தொடங்கிய குளோபல் கேம் ஜாமும் இந்த வியாதியைத் தேசாந்தரமெங்கும் பரப்பின என்று மருமகன் சொன்னான். நான் சேர்ந்தது இவ்விரண்டும் அல்லாத ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

கருவியும் அவன் காட்டியதே. பசில்ஸ்கிரிப்ட் என்று பெயர். ஸ்டீபன் லாவெல் என்பவர் 2013இல் செய்து, காசு கேட்காமல் உலகத்துக்கு விட்டது. ஆள் பெட்டியை நோக்கி நகர்ந்தால் பெட்டியும் அத்திசையில் நகர்க என்ற ஒற்றை விதியை அதில் எழுதிவிட்டால், 1981இல் ஜப்பானில் ஹிரோயுகி இமபயாஷி சிருஷ்டித்த சோகோபான் விளையாட்டின் சாரம் அவ்வளவும் நம் கைக்கு வந்துவிடுகிறது. கிடங்குக்காரன் என்பது அப்பெயரின் பொருள். அவன் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒன்றைத் தள்ளலாம், இரண்டைச் சேர்த்துத் தள்ள முடியாது. மூலைக்குப் போன பெட்டி போனதுதான். குழந்தைக்கும் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும் இந்த விதிகளால் விளையும் கணக்கு, கணினிகளே திணறும் கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று 1997இல் ஜோசப் கல்பர்சன் நிரூபித்தாராம். மருமகன் இதை ஆச்சரியத்தோடு சொன்னான். எனக்கு ஆச்சரியம் எழவில்லை; நான் மாதந்தோறும் வீட்டை விட்டு வெளியே போக முயல்கிறவன்.

வெள்ளிக்கிழமை மாலை தலைப்பை அறிவித்தார்கள்: 'ஒரே வழி.' எனக்கு ஆலோசனையே தேவைப்படவில்லை. சென்ற பௌர்ணமியன்று என் வாசலில் நின்ற வண்டிகளின் நிலையை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், கட்டங்கட்டமாக வரைந்துவிட்டேன். உள்ளே என் டி.வி.எஸ். 50; வெளியே தெரு; நடுவில் 11 வண்டிகள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலால் நடந்தே தீர்ப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டு வருகிற பக்தர், வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து கிரிவலப் பாதைக்குப் பதினான்கு தப்படி நடப்பதற்கு மட்டும் சித்தமாயிராத காரணத்தை நான் அண்ணாமலையாரிடமே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் என்றொரு சிறு கோயில் உண்டு. அதன் குறுகிய துவாரத்தில் உடலை ஒருக்களித்து, மூச்சை அடக்கி, ஊர்ந்து வெளியே வருவார்கள். அந்த வித்தையைப் பக்தர்கள் தம் தேகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வாகனங்களுக்கும் கற்பித்துவிட்டார்கள் என்பது என் அனுமானம். இல்லையேல், என் திண்ணைக்கும் எதிர்வீட்டுத் துளசிமாடத்துக்கும் இடையே ஒரு புல்லட் எவ்வழியாக உள்ளே போயிற்று?

சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பது பெட்டி. அதை ஒருவாறு தள்ளிவிடலாம். நடு ஸ்டாண்டில் நிற்பதும் பெட்டிதான், ஆனால் இடுப்பில் பலமுள்ளவர்களுக்கு மட்டும். ஹேண்டில் லாக் போட்டது சுவர். சுவருக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் மறுபடியும் சுவர். நடுவே, எந்த விதிக்கும் உட்படாமல் தன் இச்சைப்படி நகரும் ஒரு பசு. ஒரு வண்டியின்மீது அதன் சொந்தக்காரர் தம் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போயிருந்தார். அதைப் பெட்டியென்று கொள்வதா சுவரென்று கொள்வதா என்று மருமகனும் நானும் சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் தர்க்கித்தோம். வண்டி விஷயம் இத்துடன் போதும். ஆனால் ஹேண்டில் லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது தர்மமாகாது. திருப்புன்கூரில் நந்தனார் வாசலில் நின்று ஏங்கியபோது, வழியை மறைத்திருந்த நந்தி விலகிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். நந்திக்கு ஹேண்டில் லாக் இல்லாமற்போனது நந்தனாருடைய பாக்கியம். திருடனுக்கு அஞ்சிப் பூட்டுகிறோம் என்பார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: நான்கு புறமும் வண்டி சூழ்ந்திருக்கும் சந்தின் நட்டநடுவிலிருந்து ஒன்றைக் களவாடிக்கொண்டு போகத்தக்க திருடன் ஒருவன் இருந்தால், அவனை நாம் தேடிப் பிடித்து மாதச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டாமா?

விளையாட்டுக்குத் திரும்புகிறேன். பசில்ஸ்கிரிப்டில் ஒவ்வோர் உருவத்தையும் ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகளில் வரைய வேண்டும். இருபத்தைந்து புள்ளி கிடைத்தால் இல்லாள் வாசலில் ஒரு தேரே போட்டுவிடுவாள். நான் பசு போட்டேன். மருமகன் அதைக் கிரைண்டர் என்றான். கொம்பு வைத்தேன், கொம்பு வைத்த கிரைண்டர் என்றான். இவ்வாறாக ஐந்து மணி நேரம் போயிற்று. பசுவை ஞாயிறு காலையில் நீக்கிவிட்டோம்.

மாலையில், ஒப்படைக்க ஒரு மணி நேரம் இருக்கையில், அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, மூணாவது லெவல் முடியவே முடியாது. எப்படிப் போனாலும் மாட்டிக்குது."

"ஆமாம்" என்றேன்.

"ஒரு வண்டிய எடுத்துட்டா சரியாயிடும்."

"எடுக்க முடிந்திருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேனே அப்பா."

புதிருக்கு விடை இருக்க வேண்டும் என்பது இளைஞர்களுடைய மூடநம்பிக்கை. ஆயினும் அவன் முகத்துக்காக ஒரு சமாதானம் செய்தேன். அந்தக் கருவியில் இசட் விசையை அழுத்தினால் செய்த பிழை திரும்பிவிடும். ஆர் விசையை அழுத்தினால் ஆட்டம் ஆதியிலிருந்து தொடங்கும். இவ்விரண்டு சௌகரியமும் என் சந்தில் கிடையாது. மிஞ்சியிருந்தது எக்ஸ். அதை அழுத்தினால், ஆட்டத்திலுள்ள ஆள் "யாருதுங்க இந்த வண்டி?" என்று கூவுவதற்கு அடையாளமாக ஓர் ஒலி எழும். எழுந்தபின் ஒன்றும் நடவாது. என் அநுபவத்தில் ஒருபோதும் நடந்ததில்லை. அநுபவத்துக்கு மாறாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவ்வண்ணமே ஒப்படைத்தோம்.

அந்தச் சீமைக்காரர் இரண்டாவது வரியொன்றும் எழுதியிருந்தார், மருமகன் அதைத் தயங்கித்தான் வாசித்தான்: "எக்ஸ் விசை வேலை செய்யவில்லை, பழுது." பழுதாம்! விளையாட்டு முழுவதிலும் பழுதில்லாமல் வேலை செய்தது அது ஒன்றுதான். வருகிற பௌர்ணமிக்கு அவரை என் வீட்டுக்கு அழைத்து, திண்ணையில் உட்கார வைத்து, இரயிலுக்கு நேரமாகிவிட்டது, புறப்படுங்கள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாயிருக்கிறது.

வாசலில் வைத்தால்தானே உபத்திரவம் என்று, சென்ற பௌர்ணமிக்குப் பிறகு என் டி.வி.எஸ். 50ஐ அடுத்த தெருவில் ஒரு பூக்கடை ஓரமாக நிறுத்திவருகிறேன். ஹேண்டில் லாக் போடுவதுண்டு, காலம் கெட்டுக்கிடக்கிறது.

மேலே சொன்ன சூட்சுமத்துக்கு வருகிறேன். இப்போதுதான் பக்கத்து வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, "தாத்தா, பூக்கடைக்கார அம்மா கடைத் தட்டிய எடுக்க முடியாம கத்திக்கிட்டிருக்காங்க, யாருது இந்த வண்டின்னு கேக்கறாங்க" என்றான். இரண்டே நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதற்குள் எழுதிவிடலாமென்று, பேனாவுக்கு மை நிரப்ப எழுந்தேன்.