எஃப்12-ஐ அழுத்துங்கள்!

கே: வெப் டெவலப்மென்ட் டெமோ வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. எடிட்டரைத் திறந்தால் ஒரு வரிகூட ஓடவில்லையே, ஏன்?

ப: எழுதியவர் வீடியோக்காரர், அதனால் புரிந்ததும் அவருக்குத்தான். இரண்டு முறை பாருங்கள், தப்பில்லை. பிறகு வீடியோவை மூடிவிட்டு அதையே நினைவிலிருந்து எழுதுங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பாடம் ஆரம்பம். ஒருவழியாக ஓடிவிட்டதா? உடனே கெடுங்கள். ஃபிளெக்ஸ்பாக்ஸ் டெமோ என்றால் ஒவ்வொரு மதிப்பாக மாற்றிப் பாருங்கள். ஜன்னலை மொபைல் அகலத்துக்குச் சுருக்குங்கள். 'ஹோம்' என்று இருக்கும் பட்டனில் 'தகவல்தொழில்நுட்பவியல்' என்று போடுங்கள். பெட்டியை விட்டு வெளியே எட்டிப்பார்க்கும். டெமோ காட்டுகிறவர் அளவெடுத்த மூன்று பெட்டிகளைத்தான் வைப்பார். உங்கள் கிளையன்ட் அவ்வளவு நல்லவராக இருக்கமாட்டார்.

கே: அடுத்தவர் கோடிங்கைப் பார்த்து எழுதுவது திருட்டு இல்லையா?

ப: இந்தத் துறை வளர்ந்ததே அப்படித்தான். 'வியூ சோர்ஸ்' வசதி ஆரம்பக்கால பிரவுசர்களிலேயே இருந்தது. பிடித்த பக்கத்தின் உள்ளே புகுந்து பார்க்க யாரும் டிக்கெட் கேட்கவில்லை. 2003-இல் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். ஸென் கார்டன்' என்றொரு தளம் தொடங்கினார். எச்.டி.எம்.எல். எல்லோருக்கும் ஒன்றே, அதைத் தொடக் கூடாது. சி.எஸ்.எஸ். கோப்பையும் படங்களையும் மட்டும் மாற்றி டிசைனர்கள் அனுப்பினார்கள். அதே பக்கம், ஒவ்வொரு தடவையும் அடையாளம் தெரியாத வேஷத்தில்! டேபிளுக்குள் டேபிள் போட்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு சி.எஸ்.எஸ்.ஸின் பலத்தைக் காட்டிய டெமோ அது. படித்து, மாற்றி, மறுபடி எழுதினால் படிப்பு. லைசென்ஸ் வரியை அழித்துவிட்டு பில் போட்டால் நீங்கள் சொன்னதுதான்.

கே: ஜாவாஸ்கிரிப்ட்டை 10 நாளில் கற்க முடியுமா?

ப: 10 நாளில் உருவாக்கவே முடியும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை அப்படித்தான் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் 'டைப்ஆஃப் நல்' என்று கேளுங்கள். 'ஆப்ஜெக்ட்' என்று கூசாமல் பதில் சொல்லும். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தினால் பழைய தளங்கள் உடையும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

கே: அதே கன்சோலில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருகிறது. இதுவும் தழும்பா?

ப: இல்லை, இது பரம்பரை. பைனரியில் 0.1-ஐ முழுசாக எழுத முடியாது. பைத்தானில் போட்டாலும் இதே விடைதான். கடை பில் டெமோ எழுதினால் ரூபாயை விடுங்கள், பைசாவில் முழு எண்ணாகக் கூட்டுங்கள்.

கே: நேராக ரியாக்ட்டில் இறங்கலாமா?

ப: இறங்கலாம், எச்.டி.எம்.எல். தெரிந்தால். 'டிவ்'வுக்கு ஒரு கிளிக்கை மாட்டி, பட்டன் என்று காட்டும் டெமோக்கள் ஏராளம். மவுஸில் வேலை செய்யும். 'டேப்' கீயை அழுத்தினால் அந்த 'பட்டன்' பக்கமே போகாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்றே சொல்லாது. அசல் பட்டன் டேகில் இவையெல்லாம் இலவசம். இதைச் சொல்லித்தராத ஆசிரியரிடம் ரியாக்ட் கற்காதீர்கள்.

கே: பழைய டெமோக்களைப் பார்க்கலாமா?

ப: தேதியைப் பார்த்துவிட்டுப் பாருங்கள். மூன்று நெடுவரிசை அமைக்க 'ஃப்ளோட்' போட்டு மல்லுக்கட்டினால் நகர்ந்துவிடுங்கள். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் அந்த வேலைக்கான சி.எஸ்.எஸ். கிரிட் வந்துவிட்டது.

கே: ஏ.ஐ. நொடியில் டெமோ எழுதித் தருகிறதே!

ப: டெமோ கேட்காதீர்கள். ஒரு பிழையை ஒளித்துவைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

கே: என் மகன் ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறான். கோடிங் கற்கிறேன் என்கிறான். நம்பலாமா?

ப: திரையில் சிவப்பு எழுத்தில் எரர் வருகிறதா பாருங்கள் அம்மா. வந்தால் கற்கிறான். வீடியோ மட்டும் ஓடினால், விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.