கல்லுக்கு நூறு மீட்டர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதில் யாரும் குடியிருக்கக் கூடாது. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் பாறையில் செதுக்கி, வேலை முடியாமலே விட்டுப் போனவை. அங்கே ஒரு அடுப்பு எரிந்ததில்லை, ஒரு துணி காய்ந்ததில்லை. ஆனாலும் சுற்றி 100 மீட்டருக்குள் எவனும் புதிதாகச் செங்கல் வைக்க முடியாது. அதற்கு அப்பாலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். போதாதென்று 1984 முதல் யுனெஸ்கோவும் காவல்.

அதே மாவட்டத்தில்தான் பெரும்பாக்கமும் இருக்கிறது. தரைத்தளமும் ஏழு மாடியுமாக வரிசை வரிசையாய் பிளாக்குகள். இருபதாயிரம் வீடுகளுக்கு மேல். சென்னையின் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆபத்து ஆபத்து என்று வண்டியேற்றி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். நனைந்தவனைத் துவட்டிவிட ஏரிக்குள் இறக்கிய கருணை!

லிப்ட் நின்ற அன்று அங்கே போய்ப் பாருங்கள். ஏழாவது மாடிக்குக் குடம் ஏறும். இரண்டாவது மாடியில் இடுப்பு மாறும், நாலாவதில் படியில் இறங்கி உட்காரும், ஆறாவதில் பாதி சிந்தியிருக்கும். இந்த பிளாக்குகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது ஏற்ற முழக்கம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது. காணட்டும். ஏழு மாடி ஏறி வந்து காணட்டும். 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியாகிவிட்டது. பெயர்ப் பலகைக்கு லிப்ட் தேவையில்லை பாருங்கள்.

அந்த வாரியத்தின் அடுத்த திருப்பணி, பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது. இடிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டிய பிளாக், 2021 டிசம்பரில் 24 வீடுகளோடு சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்துக் குடியிருந்தவர்களே வெளியே ஓடிவந்ததால். அதே வருடம் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம் புதுக் கட்டடத்தின் பூச்சு, கை பட்டாலே உதிர்ந்தது. பல்லவனுக்கு உளி தேவைப்பட்டது. நம் ஒப்பந்ததாரர் கட்டியதை விரலாலேயே செதுக்கலாம்.

இடித்துக் கட்டி முடிக்கும்வரை குடியிருப்பவர் எங்கே போவார்? அதற்குத்தான் கருணைத்தொகை: 24,000 ரூபாய். முன்பு 8,000 ஆக இருந்ததை உயர்த்தியிருக்கிறார்களாம், கை தட்டுங்கள். ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய். இந்தக் காசுக்குச் சென்னையில் வீடு காட்டுகிற புரோக்கர் இருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். கட்டி முடித்ததும் பயனாளி பங்குத்தொகை என்று ஒன்று வரும். கே.பி. பார்க்கில் அது ஒன்றரை லட்சம். தலைமுறையாகக் குடியிருந்த இடத்துக்குத் திரும்பி வர நுழைவுக் கட்டணம்!

அதனால்தான் மறுகட்டுமானம் என்று அதிகாரி வாயைத் திறந்ததும் குடியிருப்பவர்கள் முதலில் கேட்பது, “எங்களையும் பெரும்பாக்கத்துக்குத்தான் அனுப்பப் போறீங்களா?” வீட்டு வேலையும் மீன் வியாபாரமும் பழைய தெருவில் இருக்க, ஆளை மட்டும் ஊர்க்கோடியில் வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பாதி நாள், பாதிக் கூலி. விலாசத்தைச் சொன்னதும் வேலை தர யோசிக்கிற கம்பெனிகள். இதேபோல ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய ஓ.எம்.ஆர். பக்கத்துக் கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020-ல் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகுதான். ஓவியம் சுவருக்கு வெளியே, ஒழுகல் உள்ளே.

ஜனங்கள் கேட்பது மாளிகை இல்லை, ஒரு தாள். இதே இடத்தில், இன்னார் பெயருக்கு, இந்தத் தேதிக்குள் வீடு, அதுவரை ஊரில் நடக்கிற வாடகை, பங்குத்தொகை இல்லை, சாவியோடு கிரயப் பத்திரம். நாலே வரி. இடிக்க வருகிற இயந்திரத்துக்கு முன்னால் அந்தத் தாள் வரட்டும்.

கேட்டால், “மேலே கேட்டுச் சொல்றோம்” என்கிறார்கள். மேலே என்றால் எத்தனையாவது மாடி ஐயா? அங்கே மட்டும் லிப்ட் ஒரு நாளும் நிற்பதில்லையே!