அப்புவின் வில்லுக்கத்தி

கேள்வி: எங்கட அப்புவின் மடியில் எந்நேரமும் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். அதில் அப்படி என்ன மோகம்?
— வாசகி, கொடிகாமம்

பதில்: பழைய மோகம், பிள்ளை! ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த மடக்குக்கத்திக்கு வயது ஏறக்குறைய 2,500. எலும்புப் பிடி, ஒற்றை அலகு. பிடிக்குள் வில்லுத்தகடு வந்தது பின்னாளில்தான். விரித்தால் ‘டக்’கென்று நிற்கும், மடித்தால் மடியைக் குத்தாது. வேலை முடிந்ததும் அடங்கிப்போகிற கூர்மை வேறெதில் உண்டு? வேட்டைக்காரனுக்கு அது தோலுரிக்க; அப்புவுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சீவ. பிரான்சின் ஒப்பினல் மடக்குக்கத்தி 1890இல் பிறந்தது, 1955இல் வளையப்பூட்டும் பெற்றது. பாரிஸிலிருந்து வாற பேரனிடம் அப்புவுக்கு ஒன்று சொல்லிவிடுங்கோ. பெரிய பெட்டிக்குள் வைக்கட்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோய்விடும்.