புருவ அபிவிருத்திப் பணிகள்

பிறந்து ஒரு மாதமாகாத பிள்ளைக்கு ஊரில் எதிரிகள் கிடையாது, விமர்சகர்கள் உண்டு. "என்னடி, புள்ளைக்குப் புருவமே காணோம்?" என்று தொட்டிலை எட்டிப் பார்த்துப் பெரியம்மா சொன்ன மறுநிமிடம் வேலை தொடங்கிவிடும். கட்டைவிரலில் விளக்கெண்ணெயைத் தொட்டு, மூக்குத்தண்டிலிருந்து நெற்றிப்பொட்டு வரை ஒரே இழுப்பு. பிள்ளை வீறிடும். எண்ணெய் காய்வதற்குள் வசம்பைச் சுட்டு உரசிய மையால் இரண்டு புருவம் தீட்டியாகிவிடும். ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. அன்று முழுக்கப் பிள்ளை உலகத்தையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

மயிர்க்கால்கள் எல்லாம் தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. எண்ணெய் தடவிப் புதிதாக ஒன்றை வரவழைக்க முடியாது. தலைமுடி 2 முதல் 6 ஆண்டு வரை வளரும். புருவமுடி சில மாதங்களுக்குள் நின்றுவிடும். யாரும் புருவத்துக்குச் சடை பின்னாததன் ரகசியம் அதுதான். மழித்தால் அடர்த்தியாகும் என்பார்கள். வெட்டிய நுனி மொண்ணையாக இருப்பதால் முரடாகத் தெரியும், எண்ணிக்கை கூடாது. கடை மையில் ஈயம் இருக்கலாம் என்று டாக்டர் எச்சரித்தால், "நாங்கல்லாம் வளரலையா?" என்பதே பதில்.

அவசரமே இல்லாமல் மரபணு தன் வேலையை முடிக்கும். அடர்ந்து வந்தால் பெரியம்மாவின் கைராசி. வராவிட்டால் அப்பா வீட்டுச் சாயல். அப்படி அரும்பாடுபட்டு வளர்த்ததை, பெண் கல்லூரிக்குப் போனதும் பார்லரில் காசு கொடுத்து நூலால் பிடுங்குவது தனிக் கணக்கு.