கேடயம் என்ன விலை, பேராண்டி?

ஏல பேராண்டி, இங்க வா. அமெரிக்காக்காரன் ‘கோல்டன் டோம்’னு ஏவுகணையத் தடுக்க ஒரு கேடயம் கட்டப்போறான், இனி அணுகுண்டுப் பயமே இல்லன்னு குதிக்கியே. 17,500 கோடி டாலர் ஆகும்னு டிரம்ப் கணக்குச் சொன்னாராம். ஆகட்டும், நம்ம அப்பன் வீட்டுப் பணமா?

தற்காப்புல என்ன தப்புங்க. 1967-ல சோவியத் பிரதமர் கோசிகினும் இதையேதான் கேட்டாரு. மாஸ்கோவச் சுத்தி எதிர் ஏவுகணை வைக்காதீங்கன்னு அமெரிக்க மந்திரி மக்நமாரா சொன்னதும் மனுசனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துட்டு. தற்காக்கது தர்மம், தாக்குததுதான் அதர்மம்னாரு. பேச்சுல பழுது உண்டா? வம்பே அங்கதான்ல இருக்கு.

உன் கையிலயும் கல்லு, என் கையிலயும் கல்லு. எறிஞ்சா ரெண்டு மண்டையும் உடையும்னுதான் சும்மா இருக்கோம். திடீர்னு நீ மட்டும் ஒரு கேடயத்தத் தூக்கிட்டு வந்து நிக்க. ஓட்டைக் கேடயந்தான், நான் மொத்தமா எறிஞ்சாத் தாங்காது. ஆனா நீ முந்திக்கிட்டு என் கல்லுல முக்காவாசியத் தூளாக்கிட்டா, மிச்சத்தத் தடுக்க அந்த ஓட்டையே போதுமே! அப்புறம் எனக்கு ஒறக்கம் வருமா? கூட நாலு கல்லு பொறுக்கத்தான செய்வேன்?

அப்படித்தான் ஆச்சு. மாஸ்கோ கேடயத்தச் சாக்கு வச்சு, அமெரிக்காக்காரன் ஒத்த ஏவுகணைத் தலையில மூணு குண்ட ஏத்துனான். அவனப் பாத்து ரஷ்யாக்காரனும் ஏத்துனான். இது கட்டாதுன்னு 1972-ல நிக்சனும் பிரெஷ்னேவும் ஒப்பந்தம் போட்டாங்க. ஆளுக்கு ரெண்டு இடத்துலதான் கேடயம்னு எழுதி, 1974-ல அதையும் ஒண்ணாக் குறைச்சாங்க. ரஷ்யாக்காரன் மாஸ்கோவ வச்சுக்கிட்டான். அமெரிக்காக்காரன் எதக் காத்தான்ங்க? வாஷிங்டனயா? வடக்கு டகோட்டாக் காட்டுல கெடந்த ஏவுகணைகள! அதையும் 1976-ல இழுத்துப் பூட்டிட்டான். ஊரு சனத்தத் தெறந்து போட்டுத்தான் அமைதி காத்திருக்காங்க, பெரிய மூளக்காரங்க.

2002-ல புஷ் அந்த ஒப்பந்தத்தக் கிழிச்சாரு. ரஷ்யாவுக்கு எதிரா இல்ல, சின்னச் சின்னப் போக்கிரி நாடுகளுக்காகன்னாரு. அலாஸ்காவுலயும் கலிபோர்னியாவுலயும் 44 எதிர் ஏவுகணை நிக்கி. ரஷ்யாகிட்ட இருக்க குண்டோ ஆயிரக்கணக்குல. ஆனாலும் புடினுக்கு நம்பிக்க வரல. 2018-ல, நீங்க ஒப்பந்தத்த விட்டதுக்குப் பதில்னு சொல்லிப் புதுசு புதுசா ஆயுதங்கள அறிவிச்சாரு: வளைஞ்சு நெளிஞ்சு வாரது ஒண்ணு, கடலுக்கடியில நீந்தி வாரது ஒண்ணு. கேடயத்த வானத்தப் பாத்துப் பிடிச்சா, அவன் கால வாரத் திட்டம் போடுதான்.

அதனால, கேடயம் விக்க வாரவன்கிட்ட வெலைய மட்டும் கேக்காத. இதப் பாத்து எதிராளி எத்தன கல்லு கூட வாங்குவான்னும் கேளு. அதையும் சேத்துத்தான்ல பில்லு.