குரோஷாச் செடியியல்: ஓர் அறிமுகம்

குரோஷாச் செடி என்பது, நுனி வளைந்த ஒற்றை ஊசியால் நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துப் பின்னி, பஞ்சடைத்து, தொட்டியில் நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்படும் அலங்காரத் தாவரம். வேர் கிடையாது, விதையும் கிடையாது. மண்ணுக்குப் பதிலாகக் காப்பிப்பொடி நிற நூலில் பின்னிய வட்டம் ஒன்று தொட்டியின் வாயை அடைத்திருக்கும். டி.வி. ஸ்டாண்டு, ஷோகேஸ், கணினி மேசை, ஃபிரிட்ஜின் தலை ஆகியவை இதன் இயல்பான வாழிடங்கள். தாவரவியல் பாடநூல்கள் இதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் அளந்து பார்த்தால், தோட்டத்திலுள்ள எந்தச் செடியைவிடவும் விதிக்குக் கட்டுப்பட்டு வளர்வது இதுவே.

வகைப்பாட்டில்தான் முதல் சிக்கல். தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். குரோஷாச் செடிக்கோ வெளியே நூல், உள்ளே பஞ்சு. வயிரம் எங்கும் இல்லை. தண்டு தலைசாயாதிருக்க நடுவில் கம்பி செருகியவற்றை மட்டும் மரத்தில் சேர்க்கலாம். சேர்த்தால் ஒரு சாண் உயரத் துலிப் மரமாகிவிடும். கம்பி இல்லாத ஆலமரம் எதிலும் சேராமல் நிற்கும். அதே மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டறியும் ஓரறிவைக் கொடுக்கிறது. இங்கும் தொட்டறிதல் உண்டு, ஆனால் அது விருந்தினர் வசம் இருக்கிறது. வந்தவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் இலையைக் கிள்ளிப் பார்த்து, “அட, நூலா!” என்கிறார். இது நிகழாவிட்டால் செடி சரியாகப் பின்னப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1753இல் ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ வெளியிட்ட லின்னேயஸ், மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்புப் பிரித்தவர். குரோஷாப் பூவில் அந்த எண்ணிக்கை, மஞ்சள் நூல்கண்டில் மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒரே கையில் ஒரே மாலையில் பிறந்த இரண்டு செம்பருத்திகள் இரு வேறு வகுப்புகளுக்குப் போய்விடும். இம்முறையும் கைவிடத்தக்கதே.

இது தாவரமே ஆகாது என்போருக்கு வேதியியல் பதில் சொல்கிறது. பருத்தி இழையில் ஏறத்தாழ 90 சதவீதம் செல்லுலோஸ். பச்சை இலையின் செல்சுவரும் செல்லுலோஸால் ஆனதே. உள்ளே இலவம்பஞ்சு அடைத்திருந்தால் ஒரு செடிக்குள் இன்னொரு மரமும் இருக்கிறது. கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் அக்ரிலிக்கின் வழக்கு சற்றுச் சுற்றி வளைத்தது. அதன் மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. பெட்ரோலியம், கடலடியில் புதைந்த பாசிகளிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தது. வம்சாவளி நீளமே ஒழிய அறுபடவில்லை.

வரலாறும் சாதகமாகவே இருக்கிறது. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கிப் பெரும்பஞ்சம் வந்தபோது, பிழைப்புக்கு வழியாகக் கன்னிமாடங்களில் பெண்களுக்குக் குரோஷா கற்றுத்தரப்பட்டது. அவர்கள் பின்னியவற்றுள் பெரும்பகுதி தாவரமே: அடுக்கு ரோஜா, மூவிலை ஷாம்ராக், இலைகள். தனித்தனியாகப் பின்னியவற்றை வலையால் இணைத்து லேஸாக்கி விற்றனர். நிலத்துச் செடி கைவிட்ட ஊரில் நூல் செடி சோறு போட்டது. அந்தப் பூக்கள் துணியோடு படிந்தே கிடந்தன. அவை எழுந்து தொட்டியில் நிற்க, சுருள் சுற்றாகப் பின்னிப் பஞ்சடைக்கும் ஜப்பானிய அமிகுருமி முறை உலகெங்கும் பரவ வேண்டியிருந்தது.

இனி வளர்ச்சி விதி. பெரும்பாலான செடிகள் மேஜிக் ரிங் எனப்படும், இழுத்தால் இறுகும் வளையத்தில் முளைக்கின்றன. அதில் சிங்கிள் குரோஷா எனும் அடிப்படைப் பின்னல் 6. அடுத்த சுற்றில் 12. பிறகு 18, 24, 30. இப்படிச் சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். சிங்கிள் குரோஷாவின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடுகிறது. மிச்சமுள்ள 0.28ஐ நூலின் இளக்கம் விழுங்கிவிடுகிறது. கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு எழும்பித் தொட்டியாகும். குறைத்துக்கொண்டே போனால் வாய் மூடிக் காயாகும். ஆறுக்கு மிக அதிகமாகக் கூட்டினால் இடம் போதாமல் விளிம்பு நெளிந்து கோழிக்கொண்டைப் பூவாகும். இந்த மிகையை ஒரே விகிதத்தில் விடாமல் செய்தால் கிடைப்பது கணிதத்தின் அதிபரவளையத் தளம். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோவதைக் கண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா 1997இல் அதைக் குரோஷாவில் பின்னி வகுப்புக்குக் கொண்டுபோனார். கணித மேதைகள் நெடுங்காலம் மண்டையை உடைத்துக்கொண்ட வடிவத்தை, எண்ணிக்கை தவறிய புதுக்கைகள் முதல் வாரத்திலேயே தற்செயலாகப் பின்னிவிடுகின்றன என்பது இத்துறைக்கே உரிய பெருமை.

இனங்களுள் தலையாயது கள்ளி. பின் வளையத்தில் மட்டும் ஊசியை விட்டு வரிவரியாக ஒரு செவ்வகம் பின்னினால் மேடும் பள்ளமும் தாமாகவே விழும். இரு ஓரங்களை இணைத்துக் குழலாக்கி, மேல்வாயைச் சுருக்கி இழுத்தால் கள்ளி தயார். பாலைவனத்துக் கள்ளி தண்ணீர் கிடைக்கும்போது உப்பிக்கொள்வதற்காக மடிப்புகளை வைத்திருக்கிறது. நூல் கள்ளி அதே மடிப்புகளில் பஞ்சை வாங்கிக்கொள்கிறது. பின்னலின் குணமும் செடியின் குணமும் இவ்வளவு பொருந்தும் இனம் வேறில்லை. இன்று பரவலாகச் செய்யப்படும் ரோஜா, நீள நாடாவைச் சுருட்டி அடியில் தைத்தது. பார்வைக்கு அழகுதான், என்றாலும் தாவரவியல் நோக்கில் அது சுருட்டிய நாடா.

பின்னல்களின் பெயரிடலில் ஒரு விபரீதம் உண்டு. அமெரிக்காவில் சிங்கிள் எனப்படுவது பிரிட்டனில் டபுள். அமெரிக்கக் குறிப்பிலுள்ள உயரமான டபுளை பிரிட்டிஷ் வழக்கில் படித்துப் பின்னினால் செடி குட்டையாகிவிடும். தட்பவெப்பத்தால் குட்டையாகும் செடிகள் பல உண்டு. அகராதியால் குட்டையாவது இது மட்டுமே.

மணி பிளான்ட் தனிக் கவனத்துக்குரியது. பிறர் வீட்டிலிருந்து சொல்லாமல் ஒடித்து வந்தால்தான் அது தழைக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. நூல் கொடியிலும் மரபு மாறவில்லை: காசு கொடுத்து வாங்க வேண்டிய பேட்டர்ன், ஸ்க்ரீன்ஷாட்டாகக் கைமாறித் தழைக்கிறது. அசல் கொடி பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தேவையான கிப்பரெல்லின் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பூக்காமையில் அசலும் நகலும் சமம். இலை மஞ்சளாகாமையில் நகல் ஒரு படி மேல்.

பராமரிப்பு எளிது. முதல் எதிரி தண்ணீர். ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்கள், விடிகாலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு இதற்கும் ஒரு செம்பு ஊற்றிவிடுவர். பிறகு பஞ்சு காய்வதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். நேர்வெயிலும் ஆகாது, சாயம் வெளுக்கும். தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் போதும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காததால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இங்கே வேலையில்லை. மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

இனப்பெருக்கம் முழுக்க உறவுமுறை சார்ந்தது. ஷோகேஸில் ஒரு செடி தென்பட்டதும் ஒன்றுவிட்ட சித்திக்கும் எதிர் ஃபிளாட்டுக்கும் பிள்ளையின் வகுப்பு டீச்சருக்கும் தேவை முளைக்கிறது. “நூல் காசு நான் குடுத்துடறேன்” என்பதே இதன் மகரந்தச் சேர்க்கை. நூல் காசு என்பது இரண்டு கண்டின் விலை. பின்னியவரின் மாலைப்பொழுதுகளும் கழுத்துவலியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷாவுக்குத் தொழிற்சாலை இயந்திரம் இன்றும் வழக்கத்தில் இல்லை. கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கள்ளியையும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கைதான் பின்னியிருக்கிறது.

எஞ்சியது சட்ட நிலை. அசல் கள்ளி இனங்களில் மிகப் பெரும்பாலானவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். நூல் கள்ளிக்கு இவை எதுவும் வேண்டாம். பெட்டியில் சேலைகளுக்கு இடையே படுக்க வைத்துக் கொண்டுவரலாம். உலக நாடுகள் பின்பற்றும் சுங்க அட்டவணையில் உயிருள்ள செடிகளுக்கு 6ஆம் அத்தியாயம். செயற்கைப் பூவும் இலையும் 67ஆம் அத்தியாயத்தில், பதப்படுத்திய பறவை இறகுக்கும் சவுரிமுடிக்கும் நடுவே இடம்பெற்றுள்ளன.